தாம்பாளத்தில் வந்த பதக்கம்

நான் வாங்கிய பதக்கம் எதையும் கழுத்தில் போட்டுக்கொண்டதில்லை. இதைக் கேட்டு அடக்கம் என்றவர்கள் உண்டு, திமிர் என்றவர்கள் அதைவிட அதிகம். உண்மை இவ்வளவுதான்: போடக்கூடாது என்று அம்மா சொன்னாள், நான் போடவில்லை.

எனக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்து, பிழைக்க மாட்டேன் என்று எல்லோரும் கைவிட்டபோது, எங்கள் காலனியின் தகரக் கொட்டகைச் சபையில் மூன்று நாள் எனக்காக ஜெபம் செய்தார்களாம். நான் எழுந்து உட்கார்ந்தேன். அடுத்த ஞாயிறு அம்மா தோட்டையும் மூக்குத்தியையும் கழற்றிக் காணிக்கைப் பையில் போட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நகை கிடையாது, பூ கிடையாது, பொட்டு கிடையாது. கல்யாணப் பட்டுக்கென்று நாலு ஜில்லாக்காரர்கள் பஸ் பிடித்து வருகிற ஊரில், வெறும் வெள்ளை நூல் புடவையில் அம்மா நர்சிங் ஹோம் ஆயா வேலைக்குப் போய் வந்தாள். அவளைத் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுபிடித்துவிடலாம்.

எங்கள் காலனி காஞ்சிபுரத்துக்கு மேற்கே, தாமல் போகிற ரோட்டில் இருக்கிறது. அப்பா கொத்தனார். அவர் வேலை செய்கிற இடங்களில் லாரி லாரியாகக் கொட்டிவைத்த பாலாற்று மணலில்தான் நான் தாண்டப் பழகினேன். மும்முறைத் தாண்டல் என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதே எனக்குப் பிறகுதான் தெரியும். ஓடி வந்து பலகையில் ஓர் உதை, அதே காலில் ஓர் ஊன்றல், மறுகாலில் ஓர் ஊன்றல், அப்புறம் மணல். தொண்ணூறுகளில் பெண்களுக்கு அது புது விளையாட்டு. மாவட்டத்தில் மொத்தமே நாலைந்து பேர்தான் தாண்டினோம், அதனால் ஜெயிப்பது அப்படியொன்றும் கஷ்டமாக இல்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். மாநில அளவிலும் ஜெயித்த பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன்.

நான் மணலில் குதிப்பதைப் பார்த்த ஒரு பி.டி. டீச்சர், என்னைக் கொண்டுபோய் சின்ன காஞ்சிபுரத்தில் தான் வேலை செய்த பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அங்கே கரஸ்பாண்டன்ட் ஒருவர் இருந்தார். பஞ்சகச்சம், நெற்றி நிறைய நாமம், கையில் எப்போதும் நீளமான குடை. சன்னதித் தெருவில் வீடு. ஒல்லியான மனிதர், குரல் மட்டும் கனம். எல்லாப் பிள்ளைகளையும் ‘கொழந்தே’ என்றுதான் கூப்பிடுவார். என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார். எங்கள் தெருவுக்கு வெளியே என்னை யாரும் அதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

முதல் முறை மாவட்டத்தில் ஜெயித்த வருஷம், பள்ளி ஆண்டுவிழாவில் அவர் கையால் பதக்கம் கொடுப்பதாக ஏற்பாடு. அம்மாவிடம் சொன்னேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்.

“தங்கமோ பித்தளையோ, கழுத்துல ஏறக்கூடாது. மாலையும் கூடாது. மகிமை எல்லாம் கர்த்தருக்குத்தான். கையில வாங்கிக்க, ஸ்தோத்திரம் சொல்லிட்டு எறங்கி வந்துடு.”

விழாவன்று காலை நான் டீச்சரிடம் போய், கழுத்தில் போட வேண்டாம் என்று கரஸ்பாண்டன்ட் சாரிடம் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டேன். காரணத்தையும் சொன்னேன். டீச்சருக்கு ஆயிரம் வேலை. சரி சரி, சொல்லிடறேன் என்றார்.

மேடையில் ஒரு வெள்ளித் தாம்பாளம். அதில் பதக்கங்கள் வரிசையாக இருந்தன. எனக்கு முன்னால் நின்றவள் என் சிநேகிதி, தொடர் ஓட்டத்தில் எனக்குக் கட்டையைக் கையில் கொடுக்கிறவள், பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பெண். கரஸ்பாண்டன்ட் பதக்கத்தை எடுத்து அவள் கழுத்தில் போட்டார், தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தார். அடுத்து நான். அவர் என் பதக்கத்தை எடுக்கவில்லை. தாம்பாளத்தையே இரண்டு கையாலும் தூக்கி என் பக்கம் நீட்டினார்.

“எடுத்துக்கோ கொழந்தே.”

எடுத்துக்கொண்டேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாமம் போட்ட பெரிய மனிதர், ஓட்டை ஸ்பைக்ஸ் ஷூ போட்ட ஒரு பெண்ணின் சபைக் கட்டுப்பாட்டை ஞாபகம் வைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னால் அதற்கு மதிப்புக் கொடுக்கிறாரே என்று நினைத்தேன். அடுத்த வருஷமும் அப்படியே. அதற்கடுத்த வருஷமும். மற்றவர்களுக்கெல்லாம் கழுத்தில், எனக்கு மட்டும் தாம்பாளத்தில். அந்தத் தனி மரியாதையை நான் ஒரு சொத்தைப் போல உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன்.

சாதி தெரியாமல் வளர்ந்த பிள்ளையல்ல நான். எந்த டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் என்பதும், எந்த வீட்டில் தண்ணீர் கேட்டால் கையைக் குவிக்கச் சொல்லி மேலிருந்து ஊற்றுவார்கள் என்பதும் எனக்கு அத்துப்படி. ஆனால் அவரை நான் அந்த வரிசையில் சேர்க்கவே இல்லை. சேர்க்க மனசு வரவில்லை. தினமும் பயிற்சி முடிந்ததும் எனக்கு வேகவைத்த வேர்க்கடலையும் இரண்டு வாழைப்பழமும் வரும்படி ஏற்பாடு செய்தவர் அவர். ஒருநாள் மழையில் குடையைப் பிடித்தபடி மணல்குழிக்குப் பக்கத்தில் நின்று, நான் ஒன்பது தடவை தாண்டுவதைப் பார்த்துவிட்டுப் போனவர். அப்படிப்பட்டவரை எப்படிச் சந்தேகப்படுவது?

ப்ளஸ் டூ முடிந்ததும் என்னைத் தேசிய முகாமுக்கு எடுத்தார்கள். வடக்கே ஒரு ஊர். வாழ்க்கையில் அப்படி ஒரு தனிமையை நான் அதுவரை அனுபவித்ததில்லை. அறையில் நாலு பேர். மூன்று பேர் ஒரு பாஷை பேசினார்கள், நான் பேசாமல் இருந்தேன். என்னை அவர்கள் ‘காளி’ என்று கூப்பிட்டார்கள். என் காதில் அப்படித்தான் விழுந்தது. விக்கிரக ஆராதனையே கூடாது என்று வளர்க்கப்பட்டவளைப் போய்க் காளி என்கிறார்களே என்று, ஒரு மாதம் பொறுத்துவிட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒருநாள் சொன்னேன்: “ஐ ஆம் நாட் காளி. ஐ ஆம் கிறிஸ்டியன்.” கட்டிலில் புரண்டு புரண்டு சிரித்தார்கள். அவர்கள் பாஷையில் அதற்குக் கறுப்பி என்று அர்த்தமாம். பக்கத்து அறைக் கேரளத்துப் பெண் ஒருத்தி பிறகு விளக்கினாள். அதற்கப்புறம் இரண்டு பெயரும் எனக்கு நிலைத்துவிட்டன, கறுப்பி என்றும் கிறிஸ்டியன் என்றும். நான் குளித்த பக்கெட்டை அவர்கள் கழுவிவிட்டுத்தான் எடுப்பார்கள். ஊரில் சாதி என்றார்கள், இங்கே நிறம் என்றார்கள். பக்கெட் என்னவோ ஒரே பக்கெட்தான்.

அந்த முகாமில் எனக்கு வந்த கடிதங்கள் ஒருவரிடமிருந்துதான். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். மாதம் ஒரு தபால் கார்டு, சாய்வில்லாத, அச்சடித்தது போன்ற எழுத்தில், கரஸ்பாண்டன்ட் எழுதினார். ‘க்ஷேமம். இங்கே மழை இல்லை. குழிக்குப் புது மணல் கொட்டியிருக்கிறோம். தாண்டத்தான் ஆள் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு.’ அந்தக் கார்டுகளை பைபிளுக்குள் வைத்திருந்தேன். அழுகை வருகிற ராத்திரிகளில் அதிலுள்ள சங்கீதம் படிப்பேனா கார்டைப் படிப்பேனா என்றால், இரண்டையும்தான்.

அந்த வருஷம் தேசியப் போட்டியில் முதலாவதாக வந்தேன். பதக்கம் போட வந்த அதிகாரி குனிந்தபோது நான் தலையைப் பின்னுக்கு இழுத்துக் கையை நீட்டினேன். ரிப்பன் என் காதில் மாட்டிக்கொண்டது. அந்த நேரத்தில் எடுத்த படம் மறுநாள் பேப்பரில் வந்தது, நான் முறைப்பது போலவும் அவர் பயந்து பின்வாங்குவது போலவும். எங்கிருந்து வந்ததோ அந்தத் திமிர் என்று ஒரு கோச் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். ஒவ்வொருவரிடமும் போய் என் சபையையும் அம்மாவையும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? ஒரே ஒருத்தருக்கு நான் விளக்க வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புத்தான் எனக்கு அப்போது தெம்பு.

இரண்டாயிரம் பிறந்த சமயம். வெளிநாட்டில் ஒரு போட்டியில் வெள்ளி வாங்கிக்கொண்டு திரும்பினேன். ‘காஞ்சியின் கறுப்பு மான்’ என்று பேப்பரில் போட்டார்கள். வெளுப்பாக இருந்திருந்தால் வெறும் மான் என்று போட்டிருப்பார்கள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். வாசலில் என்னை வரைந்து இருபதடி உயரத்துக்கு பேனர். வரைந்தவர் நல்ல மனசுக்காரராக இருக்க வேண்டும், எனக்கு ரோஸ் நிறத்தில் முகம், பெரிய குங்குமப் பொட்டு, ஜிமிக்கி, தலை நிறைய மல்லிகை எல்லாம் கொடுத்திருந்தார். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“யாருடி இது?”

“நான்தாம்மா.”

“நல்லாத்தான் இருக்குது. யாருன்னுதான் தெரியல.”

விழாவுக்குத் தலைமை கரஸ்பாண்டன்ட்தான். வயதாகியிருந்தார், குரலில் பழைய கனம் இல்லை. மற்றவர்கள் பட்டுச் சால்வையைப் போர்த்த வந்தபோது நான் கையை நீட்டி வாங்கிக்கொண்டேன், அவர்கள் முகம் சுருங்கியது. அவர் முறை வந்தது. அதே வெள்ளித் தாம்பாளம். அதில் மடித்த பட்டுச் சால்வை, ஊர் சார்பில் ஒரு பதக்கம். இரண்டு கையாலும் நீட்டினார். எடுத்துக்கொண்டேன்.

என்னைப் பேசச் சொன்னார்கள். எழுதி வைத்திருந்த தாளை மடித்துவிட்டு, மனசில் இருந்ததைப் பேசினேன்.

“எத்தனையோ பேர் எனக்குப் பதக்கம் கொடுத்திருக்காங்க. எல்லாரும் என் கழுத்துல போடத்தான் வந்தாங்க. என் கழுத்தைத் தொடாம, தாம்பாளத்துல வெச்சு நீட்டின ஒரே மனுஷர் நம்ம கரஸ்பாண்டன்ட் சார்தான். மத்த பிள்ளைங்களுக்கெல்லாம் அவர் கையாலயே போட்டாரு. எனக்கு மட்டும் தட்டுல கொடுத்தாரு. சின்ன வயசுலேருந்து இன்னைக்கு வரைக்கும் அவர் மாறவே இல்லை. அந்த மரியாதையை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

மண்டபம் அப்படியே அமைதியானது. முன்வரிசைப் பெரியவர்கள் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பிறகு பின்னால் நின்ற எங்கள் காலனிப் பையன்கள் விசிலடித்தார்கள், கைதட்டினார்கள், கைதட்டல் நிற்கவே இல்லை. என் பேச்சு நன்றாக இருந்ததால்தான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே வணக்கம் போட்டேன். திரும்பிப் பார்த்தால் கரஸ்பாண்டன்ட் காலித் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டுப்பண்ணுக்கு எல்லோரும் எழுந்தபோது அவர் நாற்காலி காலியாக இருந்தது. உடம்பு சரியில்லை போல என்று நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் சிநேகிதி வந்தாள். அவளுக்குக் கல்யாணமாகியிருந்தது, இடுப்பில் குழந்தை. வாசலிலேயே என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“எங்கேருந்துடி வந்துச்சு உனக்கு இந்த தைரியம்? ஊரே பேசிக்கினு இருக்குது. மேடையில வெச்சு அவர் மூஞ்சில அடிச்சாப்புல கேட்டுட்டியே.”

“இன்னா கேட்டேன்?”

“நடிக்காதடி. எங்களுக்கெல்லாம் கழுத்துல போட்டாரு, உனக்கு மட்டும் தட்டுல நீட்டினாரு. இத்தினி வருஷம் வெச்சிருந்து எடுத்து வுட்டே பாரு, அதான் சூப்பர்.”

“டீச்சர் சொல்லியிருப்பாங்க. கழுத்துல போட வேணாம்னு.”

“டீச்சர் எங்க சொன்னாங்க? மொத தடவை நான் பக்கத்துலதான நின்னுக்கினு இருந்தேன். அவங்க வாயத் தொறக்கறதுக்குள்ள அவரே கேட்டாரு, அந்தப் பொண்ணு எந்தப் பக்கம்னு. தாமல் ரோடு காலனின்னாங்க. அவ்ளோதான், வேற பேச்சே இல்ல.”

குழந்தை என் விரலைப் பிடித்து இழுத்தது. அவள் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் பேசியதை முதல் வரியிலிருந்து ஒரு தடவை உள்ளே ஓட்டிப் பார்த்தேன். ஒரு வார்த்தை மாற்ற வேண்டியதில்லை, அத்தனையும் கச்சிதமாகக் குத்தியது.

“நெசமா சொல்லு, வேணும்னுதான சொன்னே?” என்றாள்.

“ஆமா,” என்றேன். “வேணும்னுதான் சொன்னேன்.”

அந்த ‘ஆமா’தான் நான் சொன்ன பொய்களிலேயே பெரியது. எனக்கு வேறு வழியும் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒதுக்கிவைத்ததை மரியாதை என்று நம்பி, மேடையேறி அதற்கு நன்றியும் சொன்ன முட்டாள் என்று எப்படி ஒப்புக்கொள்வேன்? அதைவிட தைரியசாலியாக இருந்துவிடலாம் என்று தோன்றியது.

அன்று ராத்திரி அம்மாவிடம் மட்டும் கேட்டேன். உனக்குத் தெரியுமா என்றேன். அவள் பாயை உதறி விரித்தாள்.

“மொத வருஷமே தெரியும்மா. நீ அவ்ளோ சந்தோஷமா வந்து சொன்னியே. இன்னாத்துக்கு அதைக் கெடுக்கறதுன்னு வுட்டுட்டேன்.”

முந்தின நாள் மேடையில் நான் பேசியது என்ன அர்த்தத்தில் என்று அவள் கேட்கவில்லை. வேண்டுமென்றுதான் பேசினேன் என்று அவளும் நினைத்திருக்கலாம். நானும் சொல்லவில்லை. ஒரே அறை, ஒரே பாய், நடுவில் அந்தப் பேச்சு மட்டும் படுத்திருந்தது.

அதற்குப் பிறகு நான் எல்லோருக்கும் வேறு ஆளாகிவிட்டேன். காலனி நுழைவில் ‘சாதித் திமிருக்குச் சாட்டையடி கொடுத்த வீராங்கனையே வருக’ என்று சுவரெழுத்து. பாஸ்டர் பிரசங்கத்தில், கோலியாத்துக்கு எதிரில் நின்ற தாவீதைச் சொல்லிவிட்டு என்னைக் காட்டினார். கூட்டங்களுக்குக் கூப்பிட்டு அந்தப் பேச்சைத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். சொல்லச் சொல்ல எங்கே நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதெல்லாம் பழகிவிட்டது. கோபக்காரி என்றார்கள், கோபக்காரியானேன். யார் எதை நீட்டினாலும் முதலில் அவர்கள் கையைப் பார்ப்பேன். தொட்டுக் கொடுக்கிறார்களா, தொடாமல் கொடுக்கிறார்களா? தொட்டுக் கொடுத்தவர்களிடமும், எதற்காக இவ்வளவு மெனக்கெட்டுத் தொடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டேன். சிநேகிதியைக்கூட விடவில்லை. அன்றே அவளுக்குத் தெரியும், ஏன் சொல்லவில்லை என்று ஒருநாள் சண்டை போட்டேன். வேணும்னுதான் பேசினேன்னு நீதான சொன்னே, அப்ப உனக்கும் தெரியும்தான என்றாள். அவள் வருவது குறைந்தது, பிறகு நின்றது.

கார்டுகளை மட்டும் கிழிக்கவில்லை. கிழிக்கலாம் என்று எடுப்பேன், ‘தாண்டத்தான் ஆள் இல்லை’ என்ற வரி வரும், திரும்ப உள்ளே வைத்துவிடுவேன். அந்த மனிதர் என்னைத் தொடமாட்டார் என்பதும் உண்மை, எனக்காக மழையில் நின்றார் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க எனக்கு வரவில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்று நான் மனசாரச் சொன்னேன் என்று அவருக்காவது புரிந்ததா? போய்க் கேட்க எத்தனையோ தடவை கிளம்பினேன். சன்னதித் தெரு முனை வரைக்கும் போய்த் திரும்பிவிடுவேன். எந்த முகத்தோடு கேட்பது? ஊரெல்லாம் போய் அவரை வைத்துக் கைதட்டல் வாங்கியவள் நான்.

முழங்கால் போன பிறகு தாண்டுவது நின்றது. விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வேயில் வேலை கிடைத்திருந்தது, கொஞ்ச வருஷத்தில் எங்கள் ஊருக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு வந்து ரிசர்வேஷன் கவுன்டரில் உட்கார்ந்தேன். கண்ணாடித் தடுப்பு, அடியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வாசல். வயதானவர்களுக்கு டிக்கெட்டை அதன் வழியாகக் கையிலேயே கொடுத்துவிடுவது என் வழக்கம். பலகையில் வைத்தால் அவர்களுக்கு எடுக்க வராது, நழுவிவிடும்.

ஒருநாள் காலை, நல்ல கூட்டம். உள்ளே வந்த படிவத்தைப் பார்த்ததும் என் கை நின்றுவிட்டது. சாய்வில்லாத, அச்சடித்தது போன்ற எழுத்து. கொஞ்சம் நடுங்கியிருந்தது, ஆனால் அதே எழுத்து. ஒருவருக்கு மட்டும் மும்பைக்கு டிக்கெட், திரும்பி வர டிக்கெட் கேட்கவில்லை. தலையைத் தூக்கினேன். நாமம் கோணலாக இருந்தது. என்னைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார்.

படிவத்தைப் பார்த்து டைப் செய்தேன். டிக்கெட் வந்தது. அவர் கண்ணாடிக்கு அடியில் கையை நுழைத்து, உள்ளங்கையை விரித்து நீட்டினார். நரம்பு தெரிகிற ஒல்லியான கை. என் விரலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஜாண்கூட இல்லை.

நான் டிக்கெட்டைப் பலகையில் வைத்துத் தள்ளினேன்.

யோசித்துச் செய்தேனா, பழக்கத்தில் செய்தேனா, எனக்கே தெரியவில்லை. அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு மெதுவாகத் திரும்பி, பலகையைத் தடவி, இரண்டாவது முயற்சியில் டிக்கெட்டை எடுத்தது. அவர் குனிந்து அந்த வாசலுக்குப் பக்கத்தில் வாயை வைத்துப் பேசினார். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது.

“அன்னிக்கு மண்டபத்துல நீ கேலி பண்ணலைன்னு எனக்குத் தெரியும் கொழந்தே. நெஜமாத்தான் சொன்னே. அதான் என்னால அங்க ஒக்கார முடியலை.”

குடையை ஊன்றிக்கொண்டு போய்விட்டார். அவர் நின்ற இடத்துக்கு அடுத்த ஆள் வந்து படிவத்தை நீட்டினார். உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் அது தெரிந்திருந்தது. அந்த ஒருவர் கையை நீட்டிக் கேட்டபோது நான் கொடுக்கவில்லை. படிவத்தை வாங்கிக்கொண்டு, எங்கே போகணும் சார் என்று கேட்டேன்.